வழக்கில எழுவினா எப்பிடி எடுக்கிறது? காணி வழக்கு வைச்சிருக்கிற எங்கட சனத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு காணி வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில எத்தினை வருசம் இழுபட்டாலும், அது உண்மையில எதைப் பற்றின வழக்கு எண்டு முடிவாகிறது அனேகமா ஒரே நாளிலதான். அண்டைக்கு ரெண்டு பக்கத்துச் சட்டத்தரணிமாரும் எழும்பி ஏற்புரைகளையும் (ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட விசயங்கள்) எழுவினாக்களையும் (நீதிபதி தீர்க்க வேண்டிய கேள்விகள்) ஒவ்வொண்டாச் சொல்லுவினம், நீதிபதி பதிவு செய்விப்பார். சில வழக்கில அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும். கட்சிக்காரர் பின் வாங்கில இருந்து பாத்துக்கொண்டிருப்பினம், என்ன நடந்தது எண்டு ஒண்டும் விளங்காது, வெளியில வந்து வீட்டுக்கு கோல் எடுத்து "இண்டைக்கும் சாட்சி ஒண்டும் எடுக்கேல்லை, சும்மா ஏதோ எழுதினவை" எண்டு சொல்லிப்போட்டு பஸ் ஏறிடுவினம்.

ஆனா அந்தச் சும்மா எழுதினதுதான் முழு வழக்கும். நீங்கள் என்னத்தை நிரூபிக்க வேணும், எதிர்ப்பக்கம் என்னத்தை நிரூபிக்க வேணும், கடைசியில நீதிபதி எந்தக் கேள்விகளுக்கு விடை எழுத வேணும், எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. உங்கட மனசில கிடந்து கொதிக்கிற விசயம் எழுவினாவில இல்லையெண்டால் நீதிமன்றம் அதுக்கு விடை சொல்ல வேண்டிய தேவை இல்லை. அதால எழுவினா எப்பிடி எடுபடுது எண்டு வழக்குக்காரர் எல்லாரும் விளங்கி வைச்சிருக்க வேணும், லோயருக்கு மட்டும் தெரிஞ்சால் காணாது எண்டது என்ர உறுதியான எண்ணம். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, எந்தக் கோட்டில வழக்கு நடந்தாலும் முறை ஒண்டுதான்.

சட்டம் என்ன சொல்லுது

எங்கட இலங்கைக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889ம் ஆண்டின்ர 2ம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில 146ம் பிரிவுதான் இதுக்கு அடிப்படை. அது ரெண்டு வழி சொல்லுது. முதலாவது, தங்களுக்குள்ள தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான் எண்டு ரெண்டு பகுதியும் ஒத்துக்கொண்டால், அதை எழுவினாவா எழுதிக் குடுக்கலாம், நீதிமன்றம் அதைத் தீர்க்கும். ரெண்டாவது, ஒத்துக்கொள்ளாட்டி நீதிபதியே முறைப்பாட்டில (வழக்காளி வழக்குப் போடுற கடுதாசியில) சொன்னது, வினாக்கோவைக்கு (ஒரு பக்கம் மற்றப் பக்கத்திட்ட எழுத்தில கேக்கிற கேள்விகளுக்கு) குடுத்த பதில், ரெண்டு பக்கமும் காட்டின ஆவணங்கள் எல்லாத்தையும் பாத்து, தேவையெண்டால் கட்சிக்காரரையும் கேட்டு, எந்த முக்கியமான விசயத்தில இவை முரண்படீனம் எண்டு கண்டுபிடிச்சு, சரியான தீர்ப்பு எதில தங்கியிருக்குதோ அந்தக் கேள்விகளைப் பதிவு செய்ய வேணும்.

இதில கனபேர் கவனிக்காத ஒரு விசயம், எழுவினாவைப் பதியிற கடமை நீதிபதியின்ர. நடைமுறையில சட்டத்தரணிமார் எழுதிக்கொண்டுவந்து வாசிக்கீனம், உண்மைதான், ஆனா அது முன்மொழிவு மட்டும். ஏற்கிறதோ மாத்துறதோ விடுறதோ நீதிபதியின்ர பொறுப்பு.

இன்னொண்டு. 2017ம் ஆண்டின்ர 8ம் இலக்கத் திருத்தச் சட்டத்தால ப்ரீ-ட்ரயல் (விசாரணைக்கு முந்தின அமர்வு) எண்ட கட்டம் வந்தது, 2023ம் ஆண்டின்ர 29ம் இலக்கச் சட்டம் அந்த ஏற்பாடுகளைத் திருப்பி மாத்தி எழுதினது. அதால இப்ப ஏற்புரை, எழுவினா வேலை விளக்கத்துக்கு (சாட்சி எடுத்து வழக்கை விசாரிக்கிறதுக்கு) முன்னமே அந்தக் கட்டத்தில நடக்கலாம். வழக்கு ப்ரீ-ட்ரயலுக்குப் போட்டிருக்கெண்டால் "அது இன்னும் வழக்குத் தொடங்கேல்லைத்தானே" எண்டு நினைச்சு வராமல் நிக்க வேண்டாம். அண்டைக்குத்தான் வர வேணும்.

படி 1: ரெண்டு கடுதாசியையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ

வேலை தொடங்கிறது முறைப்பாட்டிலயும், எதிராளி அதுக்குப் போடுற மறுமொழியிலயும்தான். எதிராளி எதிர்க்கோரிக்கை வைச்சிருந்தால் மட்டும் வழக்காளி அதுக்கு ஒரு பதில் போடலாம், அதோட எழுத்து வேலை சரி.

ஒரு கொப்பித் தாளில மூண்டு நிரல் கீறுங்கோ. முதல் நிரலில முறைப்பாட்டின்ர பந்தி இலக்கமும் அதில சொன்ன விசயமும், ரெண்டாவதில மறுமொழி அதுக்கு என்ன சொல்லுது, மூண்டாவதில ஏற்பு, மறுப்பு, புது விசயம் எண்டு ஒரு சொல். சின்னப் பிள்ளை வேலை மாதிரித் தெரியும், ஆனா இதைச் செய்யாமல் எடுத்த எழுவினாவில கட்டாயம் ஏதாவது தவறும்.

சும்மா சொன்னால் விளங்காது, அதால ஒரு வழக்கை எடுப்பம். இது கற்பனை வழக்கு, ஆனா வலிகாமத்தில எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் இப்பிடி ஒண்டு இருக்கும்.

பின் வளவு 4 பரப்பு. அதின்ர சொந்தக்காரர் வழக்காளி. 1974ம் ஆண்டு தகப்பன் எழுதிக் குடுத்த நன்கொடை உறுதியில கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எண்டு இருக்கு. ஒழுங்கைக்குப் போறதுக்கு முன் வளவின்ர வடக்கு எல்லையோட 8 அடிப் பாதை இருந்தது எண்டு சொல்லுறார். முன் வளவை 2019ல வாங்கினவர் எதிராளி, 2021 வைகாசியில மதிலைக் கட்டிப்போட்டார். வழக்காளி மூண்டு விதமாக் கேக்கிறார்: உறுதிப்படி வழி இருக்கு, இல்லாட்டி 10 வருசத்துக்கு மேல பாவிச்சதால ஆட்சியுரிமை வந்திட்டுது, அதுவும் இல்லாட்டி வேற வழி இல்லாததால அவசிய வழி வேணும். அதோட மாசம் 10,000 ரூபா நட்டஈடு.

மறுமொழியில எதிராளி என்ன சொல்லுறார்? பின் வளவு வழக்காளியின்ரதான், ஏற்பு. மதில் கட்டினது உண்மை, ஏற்பு. ஆனா அதில பாதையே இல்லை. அந்த 1974 உறுதியை எழுதினவர் பின் வளவுக்காரர், முன் வளவுச் சொந்தக்காரர் அதில கையெழுத்து வைக்கேல்லை, அப்ப மற்றாக்களின்ர காணிக்குள்ளால அவர் எப்பிடி வழி எழுதலாம். வழக்காளியின்ர ஆக்கள் போய் வந்தது உண்மை, ஆனா அது சொந்தக்காரர் விட்ட அனுமதியில, நடந்து மட்டும். 1995 ஐப்பசி கடைசியில வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது, அப்ப எப்பிடித் தொடர்ச்சியாப் பாவிச்சது? தெற்குப் பக்கத்தால வேற வழியும் இருக்கு. கடைசியா, மதிலின்ர ஒரு பகுதியை வழக்காளி இடிச்சுப்போட்டார், 75,000 ரூபா தர வேணும் எண்டு எதிர்க்கோரிக்கை.

இப்ப அந்த மூண்டு நிரலையும் நிரப்பிப் பாருங்கோ, சண்டை எங்க நிக்குது எண்டு தன்பாட்டில தெரியும். மதில் ஆர் கட்டினது எண்டதில சண்டையே இல்லை. ஆனா வழக்காளி வீட்டுக்காரர் சாட்சி தேடித் திரியிறது முழுக்க "அவர்தான் கட்டினவர், நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள்" எண்டு சொல்லுறதுக்குத்தான் இருக்கும்.

படி 2: ஏற்புரையைப் பிரிச்செடுக்கிறது

ஏற்றுக்கொண்ட விசயத்தை நிரூபிக்கத் தேவையில்லை எண்டு சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ர 58ம் பிரிவு சொல்லுது. அதால எழுவினாவுக்கு முதல் ஏற்புரைகள் பதிவாகும். எங்கட வழக்கில இப்பிடி வரலாம்: நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் (வழக்கைக் கேக்கிற அதிகாரம்) ஏற்கப்படுகிறது, பின் வளவு வழக்காளிக்கும் முன் வளவு எதிராளிக்கும் உரியது என்பது ஏற்கப்படுகிறது, 2021 வைகாசியில் எதிராளி மதில் கட்டினார் என்பது ஏற்கப்படுகிறது. மூண்டே மூண்டு வரி, ஆனா குறைஞ்சது ரெண்டு சாட்சியும் கன தவணையும் மிச்சம்.

இதில ரெண்டு இடத்தில கவனம் வேணும்.

ஒண்டு, "இது பற்றி எதிராளி அறியார், வழக்காளி நிரூபிக்க வேண்டும்" எண்டு மறுமொழியில எழுதியிருந்தால் அது ஏற்பு இல்லை, மறுப்பாத்தான் எடுக்கிறது. அது "ஓரளவு ஒத்துக்கொண்ட மாதிரித்தானே" எண்டு நினைச்சு சாட்சியை விட்டிடாதேங்கோ.

மற்றது நியாயாதிக்கம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்ர 76ம் பிரிவின்படி நியாயாதிக்கத்தை மறுக்கிறதெண்டால் மறுமொழியில அதைத் தனியா, வெளிப்படையாச் சொல்ல வேணும். "மற்ற எல்லாப் பந்திகளையும் மறுக்கிறேன்" எண்ட ஒரு பொது வரி காணாது. அதோட 1978ம் ஆண்டின்ர 2ம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்ர 39ம் பிரிவு, ஆட்சேபனை சொல்லாமல் வழக்கை நடத்தினவர் பிறகு வந்து இந்தக் கோட்டுக்கு அதிகாரம் இல்லை எண்டு சொல்லுறதைத் தடுக்குது.

ஏற்புரை பதியேக்க முன் வாங்குப் பக்கம் காது குடுத்துக் கேளுங்கோ. ஒருக்கா ஏற்றுக்கொண்டதைத் திரும்ப எடுக்கிறது லேசில்லை. உங்களுக்கு உடன்பாடு இல்லாத விசயம் ஏற்பெண்டு போகுதெண்டால் அந்த இடத்திலயே உங்கட சட்டத்தரணிக்கு மெல்லச் சொல்லுங்கோ, பிறகு வெளியில வந்து மரத்துக்குக் கீழ நிண்டு சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்லை.

படி 3: சட்டம் என்ன கேக்குது எண்டு பாக்கிறது

மறுக்கப்பட்ட விசயம் எல்லாம் எழுவினா ஆகாது. எது தீர்ப்பை மாத்துமோ அதுதான் ஆகும். இதைப் பிரிக்கிறதுக்கு, கேக்கிற பரிகாரத்துக்குச் சட்டம் என்னென்ன தேவை எண்டு சொல்லுது எண்டு தெரிஞ்சிருக்க வேணும். எழுவினாவின்ர எலும்புக்கூடு சட்டத்தில இருந்துதான் வருது, முறைப்பாட்டில இருக்கிற கதை அதுக்கு மேல போத்தின தோல் மட்டும்.

உறுதியால வாற வழியுரிமைக்கு, அந்த உரிமையைக் குடுத்தவர் குடுக்கக்கூடிய ஆளோ எண்டதுதான் முதல் கேள்வி. 1840ம் ஆண்டின்ர 7ம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி காணியில உரிமை குடுக்கிற எழுத்து நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால எழுதப்பட வேணும், அது ஒரு பக்கம். ஆனா மற்றவரின்ர காணிக்குள்ளால வழி எண்டு என்ர உறுதியில நான் எழுதினால் அந்த மற்றவரை அது எப்பிடிக் கட்டும்? எங்கட பழைய உறுதியில "வழி வாய்க்கால்" எண்ட சொல் கண்ட நிண்ட இடமெல்லாம் இருக்கும், அதை மட்டும் நம்பி வழக்குப் போட்டவை கனபேர் இந்த இடத்திலதான் தடக்குப்படீனம்.

ஆட்சியுரிமைக்கு 1871ம் ஆண்டின்ர 22ம் இலக்கக் கட்டளைச் சட்டம், 3ம் பிரிவு. 10 வருசம், இடையூறு இல்லாமல், தொடர்ச்சியா, மற்றவரின்ர உரிமைக்கு எதிரிடையா. பாதையெண்டால் அது குறிப்பான ஒரு தடமா இருக்க வேணும், இண்டைக்கு இந்தப் பக்கத்தாலயும் நாளைக்கு அந்தப் பக்கத்தாலயும் வளவுக்குள்ளால நடந்தது காணாது. அனுமதியோட நடந்ததும் எதிரிடை ஆகாது.

அவசிய வழிக்கு வேற கணக்கு. பொது வழிக்குப் போக நியாயமான வேற வழி இல்லை எண்டதுதான் அதின்ர உயிர். எத்தினை வருசம் பாவிச்சது எண்டது அங்க பெரிசா வராது.

இடப்பெயர்வைப் பற்றியும் இதிலயே சொல்ல வேணும், ஏனெண்டால் எங்கட இடத்தில இது வராத காணி வழக்குக் குறைவு. 2016ம் ஆண்டின்ர 5ம் இலக்க ஆட்சியுரிமை சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்குமான காலத்தில நிலைமையால நீதிமன்றம் போகேலாமல் போன ஆக்களுக்கு, அந்தக் காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில எடுக்காமல் விட நிபந்தனைகளோட இடம் குடுத்தது. அதுக்குள்ள கால எல்லையும் இருக்கு. இந்தச் சட்டத்தை நம்பிறவர் அதை எழுத்தில சொல்லி அதுக்கெண்டு எழுவினாவும் எழுப்ப வேணும். சாட்சிக் கூண்டில ஏறி நிண்டு "நாங்கள் அப்ப சாவகச்சேரிக்கு ஓடினனாங்கள், பிறகு வன்னிக்குப் போனனாங்கள்" எண்டு அழுதால் மனுசனா நீதிபதிக்கு விளங்கும், ஆனா அதுக்குப் பக்கத்தில எழுவினா இல்லையெண்டால் அந்தக் கண்ணீரை எந்த விடைக்குள்ள எழுதிறது?

படி 4: எழுவினாவை எழுதிறது

எங்கட கற்பனை வழக்குக்கு நான் எழுதினால் இப்பிடி வரும். கோட்டில பதியிற தமிழ் இப்பிடித்தான் இருக்கும், அதால அப்பிடியே தாறன். வழக்காளி பக்கம்:

1. முறைப்பாட்டின் அட்டவணையில் விபரிக்கப்பட்ட 8 அடி அகலமான பாதை, எதிராளியின் காணியின் வடக்கு எல்லை ஓரமாக இருந்ததா?
2. அப்பாதையைப் பயன்படுத்தும் உரிமை 1974ம் ஆண்டு நன்கொடை உறுதி மூலம் வழக்காளிக்குக் கிடைத்ததா?
3. வழக்காளியும் அவரது முன்னுரித்தாளர்களும் (அவருக்கு முன் காணியை வைத்திருந்தவர்களும்) அப்பாதையை 10 வருடங்களுக்கு மேலாக இடையூறின்றியும் தொடர்ச்சியாகவும் எதிரிடையாகவும் பயன்படுத்தி ஆட்சியுரிமை பெற்றுள்ளனரா?
4. மாற்றாக, வழக்காளியின் காணிக்குச் செல்ல நியாயமான வேறு வழி இல்லாமையால் அவர் அவசிய வழிக்கு உரித்துடையவரா?
5. எதிராளி கட்டிய மதில் அப்பாதையைத் தடுக்கிறதா?
6. ஆம் எனில், வழக்காளிக்கு ஏற்பட்ட நட்டம் மாதாந்தம் எவ்வளவு?
7. மேற்படி எழுவினாக்கள் வழக்காளிக்குச் சாதகமாக விடையளிக்கப்படின், முறைப்பாட்டில் கேட்ட பரிகாரங்களுக்கு அவர் உரித்துடையவரா?

எதிராளி பக்கம் இலக்கத்தைத் தொடர்ந்து கொண்டு போவினம்:

8. 1974ம் ஆண்டு உறுதி எதிராளியின் முன்னுரித்தாளர்களால் எழுதிக் கொடுக்கப்படாதபடியால் அது அவர்களைக் கட்டுப்படுத்தாதா?
9. வழக்காளி தரப்பினர் எதிராளியின் காணிக்கூடாக நடந்து சென்றது அனுமதியின் பேரில் மட்டுமா?
10. வழக்காளியின் காணிக்குத் தெற்குப் பக்கமாக வேறு வழி உள்ளதா?
11. வழக்காளி மதிலின் ஒரு பகுதியை இடித்தாரா? ஆம் எனில் எதிராளிக்கு ஏற்பட்ட நட்டம் எவ்வளவு?
12. மேற்படி எழுவினாக்கள் எதிராளிக்குச் சாதகமாக விடையளிக்கப்படின், வழக்கு தள்ளுபடி செய்யப்பட வேண்டுமா?

இப்ப இதை ஒருக்கா வடிவாப் பாப்பம்.

ஒவ்வொண்டும் ஆம், இல்லை, நிரூபிக்கப்படவில்லை, இல்லாட்டி ஒரு தொகை எண்டு விடை எழுதக்கூடிய கேள்வி. அப்பிடி விடை எழுதேலாத கேள்வி எழுவினா இல்லை. 1ம் எழுவினாவில அகலமும் திசையும் இருக்கு பாருங்கோ. அது இல்லாமல் "வழக்காளிக்கு வழி உண்டா" எண்டு மட்டும் போட்டால், ஆம் எண்டு விடை வந்தாலும் கடைசியில பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேத்துற அலுவலர்) வந்து எதைத் திறந்து விடுறது எண்டு தெரியாமல் நிப்பார். கோவையின்ர 41ம் பிரிவும் காணி சம்பந்தப்பட்ட கோரிக்கையை எல்லையாலயோ படத்தாலயோ விபரிக்கச் சொல்லுது. தடம் எங்க எண்டதில முரண்பாடு இருந்தால் நீதிமன்றக் கொமிசன் (காணியை அளக்கச் சொல்லுற கட்டளை) எடுத்து நில அளவையாளர் அளந்து பிளான் போட்ட பிறகு, அந்தப் பிளானைச் சொல்லியே எழுவினா எடுக்கிறது நல்லது. செலவு இருக்கு, நாளும் போகும், ஆனாலும் நான் எப்பவும் அதைத்தான் சொல்லுவன்.

8ம் எழுவினா அனேகமாச் சட்டக் கேள்வி. 9, 10 ரெண்டும் 3, 4க்கு மறுபக்கம். இவை தேவையோ எண்டு ஆரும் கேக்கலாம், ஏனெண்டால் அனுமதியில நடந்ததெண்டால் 3க்கு எப்பிடியும் இல்லை எண்டுதான் விடை வரும். ஆனா எதிராளி தான் சொல்லுற குறிப்பான கதையைத் தானே எழுவினாவா வைக்கிறது அவருக்குப் பாதுகாப்பு, நீதிபதிக்கும் தெளிவு. அதுக்காக ஒரே விசயத்தை நாலு விதமாத் திருப்பித் திருப்பிப் போடுறது வேற. நாப்பது எழுவினா போட்டு வைச்ச வழக்கில கடைசியில விடை எழுதேக்க ஒண்டுக்கொண்டு முரணா வந்து, அப்பீலில அதையே பிடிச்சுத் தொங்குவினம்.

எது எழுவினா இல்லை

இந்த இடத்திலதான் சனம் கூடக் குழம்பிறது. கிராம சேவையாளரின்ர கடிதம் உண்மையோ, பக்கத்து வீட்டு ஐயா சொல்லுறது பொய்யோ, 2008ல எடுத்த போட்டோவில தெரியிறது படலையோ, இதெல்லாம் சாட்சியம். எழுவினாவை நிறுவவோ உடைக்கவோ பாவிக்கிற சாமான், அது எழுவினா ஆகாது. "எதிராளி எங்களில எரிச்சலில செய்தவர்" எண்டதும் ஆகாது, எரிச்சலில கட்டினாலும் அன்பில கட்டினாலும் மதில் மதில்தான், வழியுரிமையின்ர விடை மாறாது.

பிரதான விசயம் ஒண்டு. பொலிசுக்குப் போய் அங்கயிருந்து ஆரம்ப நீதிமன்றத்தில 1979ம் ஆண்டின்ர 44ம் இலக்கச் சட்டத்தின்ர 66ம் பிரிவு வழக்கில உங்களுக்குக் கட்டளை கிடைச்சிருக்கலாம். அது சமாதானக் குலைவைத் தடுக்கிறதுக்கான தற்காலிக ஏற்பாடு, உரித்தைத் தீர்க்கேல்லை. அதை வைச்சு "ஏற்கனவே வெண்டிட்டம்" எண்டு மாவட்ட நீதிமன்றத்தில எழுவினா எடுக்காமல் இருக்கேலாது.

படி 5: சட்டக் கேள்வி, நிகழ்வுக் கேள்வி

சட்டக் கேள்வி ஒண்டைத் தீர்த்தாலே வழக்கு முடிஞ்சிடும் எண்டு நீதிமன்றம் நினைச்சால், கோவையின்ர 147ம் பிரிவின்படி அதை முதலில எடுக்க வேணும், மற்றதுகளைத் தள்ளி வைக்கலாம். மத்தியஸ்த சபைச் சான்றிதழ் தேவையான வழக்கில அது இல்லாமல் வந்தது, கால எல்லை கடந்து போட்டது, முன்னம் ஒரு வழக்கில தீர்த்த விசயம் எண்டது, இதெல்லாம் அனேகமா முதல்நிலை எழுவினாவா எழும்பும்.

ஆனா சட்டக் கேள்வி மாதிரித் தெரிஞ்சாலும் அதுக்குள்ள நிகழ்வு ஒளிச்சிருக்கும். கால எல்லை கடந்ததோ எண்டு பாக்க முதல், உரிமை எப்ப மறுக்கப்பட்டது எண்டு தெரிய வேணும், அதில ரெண்டு பகுதியும் ரெண்டு திகதி சொன்னால் சாட்சி கேக்காமல் தீர்க்கேலாது. அப்பிடியான எழுவினாவை முதலில எடுக்கச் சொல்லி அடிபட்டு, பிறகு மேல் நீதிமன்றம் போய்த் திரும்பி வந்து, முதல்ல இருந்து தொடங்கின வழக்குகள் இருக்கு. வயது போன ஆக்களின்ர வழக்கில இந்த இழுவை மிச்சம் பாவம்.

படி 6: மற்றப் பக்கத்தின்ர எழுவினாவை எதிர்க்கிறது

எதிர்ப்பக்கம் வாசிக்கேக்க உங்கட சட்டத்தரணி ஒப்ஜெக்சன் சொல்லலாம். எழுத்தில இல்லாத புதுக் கதை, வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, தெளிவில்லாதது, ஏற்புரைக்கு எதிரானது, இவைதான் வழக்கமான காரணங்கள். நீதிபதி கேட்டுக் கட்டளை போடுவார்.

எழுத்தில இல்லாததை எழுவினாவா எடுக்கலாமோ எண்டதில கனபேருக்குப் பிழையான விளக்கம் இருக்கு. கோவையின்ர 150ம் பிரிவின்ர விளக்கக் குறிப்பு, தான் எழுத்தில வைச்சதுக்கும் எதிர்ப்பக்கம் முகங்குடுக்க ஆயத்தமா வந்ததுக்கும் பெரிசா மாறுபட்ட வழக்கை ஒரு பகுதி விளக்கத்தில சொல்ல விடேலாது எண்டு சொல்லுது. அதே நேரம் எழுவினா முறைப்பாடு, மறுமொழிக்குள்ள மட்டும் அடங்க வேணும் எண்டும் இல்லை. இந்த விசயத்தில பெரிய தீர்ப்பு எங்கட ஊர் வழக்கிலயே வந்தது, இலங்கை வங்கி யாழ்ப்பாணம் எதிர் செல்லையாபிள்ளை, 1962ல, அப்ப எங்கட உச்ச மேன்முறையீட்டு மன்றமா இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது, புதிய சட்ட அறிக்கைகள் 64ம் தொகுதி 25ம் பக்கம். எழுவினா எடுக்கிறதை எழுத்துவாதம் (முறைப்பாடும் மறுமொழியும்) கட்டிப்போடாது எண்டது அதின்ர சாரம். ரெண்டையும் சேர்த்துப் பாத்தால் கேள்வி இதுதான்: நீதிக்குத் தேவையோ, எதிர்ப்பக்கத்தைத் திடீரெண்டு மடக்குதோ.

1998ல ஹனாபி எதிர் நல்லம்மா வழக்கில உயர் நீதிமன்றம், எழுவினா பதிஞ்ச பிறகு வழக்கு அந்த எழுவினாக்களுக்குள்ளயே உருவெடுக்குது, எழுத்துவாதம் பின்னுக்குப் போயிடும் எண்டு சொன்னது. உங்கட முறைப்பாட்டின்ர 14ம் பந்தியில எவ்வளவு வடிவா எழுதியிருந்தாலும், அதில இருந்து எழுவினா எழும்பேல்லையெண்டால் என்ன கதி எண்டு இப்ப விளங்கும்.

படி 7: ஆர் நிரூபிக்கிறது

சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ர 101ம் பிரிவின்படி ஒரு விசயம் இருக்கெண்டு சொல்லுறவர்தான் அதை நிரூபிக்க வேணும். எழுவினாவைப் பாத்து ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஆர், எந்தச் சாட்சி, எந்த ஆவணம் எண்டு எழுதுங்கோ. 1, 2, 3, 4, 6 வழக்காளியின்ர தோளில. 9, 11 எதிராளியின்ர. 3க்குப் பக்கத்தில எழுத ஒருத்தரும் இல்லையெண்டால், அந்தப் பாதையால ஆக்கள் போய் வந்ததைக் கண்ட கிழவர் ஆரும் இன்னும் இருக்கினமோ எண்டு இப்பவே விசாரியுங்கோ, சாட்சிப் பட்டியல் போடுற காலக்கெடுவுக்குள்ள அவரின்ர பேர் போக வேணும்.

பிறகு மாத்தலாமோ?

ஓம். தீர்ப்பாணைக்கு முதல் எந்த நேரத்திலயும் எழுவினாவைத் திருத்தவோ மேலதிகமாச் சேர்க்கவோ கோவையின்ர 149ம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் குடுக்குது. சாட்சியத்தில வெளிப்பட்ட விசயத்தில இருந்தும் புது எழுவினா எடுக்கலாம். ஆனா அது நீதிமன்றத்தின்ர தற்றுணிபு (தானே யோசிச்சு எடுக்கிற முடிவு), மற்றப் பகுதிக்குப் பாதிப்பு வந்தால் செலவுத் தொகை கட்டச் சொல்லியோ சாட்சியைத் திருப்பிக் கூப்பிட விட்டோ நிபந்தனை போடலாம். நாள் போகப் போகக் கஷ்டம் கூடும், அதால தவறினது தெரிஞ்ச உடன கேளுங்கோ.

எழுவினா சம்பந்தமான கட்டளையில குறை இருந்தால், அனுமதி பெற்ற மேன்முறையீட்டு விண்ணப்பத்துக்கு 14 நாள்தான். சின்னச் சின்னக் கட்டளை எல்லாத்துக்கும் மேல போகச் சொல்லி நான் சொல்ல மாட்டன், வழக்கின்ர உயிர் போற எழுவினாவெண்டால் மட்டும்.

பங்கு வழக்கு வேற

1977ம் ஆண்டின்ர 21ம் இலக்கப் பங்கிடல் சட்டத்தில போற வழக்கில பிணக்குக்குரிய விசயங்கள் எண்டு பதிவினம். வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித் தெரியும், ஆனா அங்க பகுதிகள் எல்லாரும் ஒத்துக்கொண்டாலும் நீதிபதி உரித்தைத் தானே ஆராய வேணும், ஏனெண்டால் அந்தத் தீர்ப்பாணை வழக்கில இல்லாத ஆக்களையும் பாதிக்கும். அதால "எல்லாரும் ஓம் எண்டிட்டம், இனி உறுதி காட்டத் தேவையில்லை" எண்டு பங்கு வழக்கில சொல்லேலாது. சீதனம், முதுசம், தேடியதேட்டம் எண்டு தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டம்) விசயம் வந்தால் உரித்துச் சங்கிலி இன்னும் நீளும்.

எழுவினா நாளுக்கு முதலும் பிறகும்

குறைஞ்சது ரெண்டு கிழமைக்கு முதல் சட்டத்தரணியிட்ட நேரம் கேட்டு, அந்த மூண்டு நிரல் தாளோடயும் உறுதி மூலத்தோடயும் போங்கோ. கேக்க வேண்டியது இவ்வளவும்தான்: நாங்கள் என்ன எழுவினா எடுக்கிறம், அவை என்ன எடுப்பினம், எதை ஏற்கிறம், ஒவ்வொண்டுக்கும் எங்களிட்ட என்ன இருக்கு. கேக்க வெக்கப்பட வேண்டாம், உங்கட காணி. காசு இல்லாத ஆக்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழுவின்ர நிலையம் யாழ்ப்பாணத்திலயும் இருக்கு. வடக்குக் கிழக்கில நீதிமன்ற மொழி தமிழ், அதால வாசிக்கிற எழுவினா ஒவ்வொண்டும் உங்களுக்கு விளங்கிற மொழியிலதான் இருக்கும், காது குடுத்தால் காணும்.

பதிஞ்ச பிறகு அண்டைய நடவடிக்கைக் குறிப்பின்ர பிரதியை விண்ணப்பிச்சு எடுங்கோ. வீட்டில வைச்சு திகதி, உறுதி இலக்கம், அடிக்கணக்கு, அட்டவணை எழுத்து எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பாருங்கோ. வடக்கு எண்டு சொன்னது கிழக்கு எண்டு தட்டச்சாகியிருந்தால், முதல் சாட்சி கூண்டில ஏற முதல் மோஷன் (நீதிமன்றத்துக்கு எழுத்து விண்ணப்பம்) போட்டுத் திருத்துவியுங்கோ.